எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போடாதீர்கள்: ரத்தம் கொடுப்பவருக்கும் ஏற்றிக்கொள்பவருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

எந்தக் கல்லூரி ரத்ததான முகாமுக்குப் போனாலும் ஒரு காட்சி மட்டும் மாறாது. வரிசையில் நிற்கும் பையன் படிவத்தை வாங்குவான், கேள்விகளின் நீளத்தைப் பார்த்து மலைத்து நிற்பான். பின்னால் நிற்பவன் தோளைத் தட்டி, “எல்லாத்துக்கும் ‘இல்ல’ன்னு டிக் போடு மச்சி, அவ்ளோதான்” என்பான். அரை நிமிடத்தில் படிவம் நிரம்பிவிடும். பதிவு மேஜைக்கு இந்தப் பக்கம் தன்னார்வலராக உட்கார்ந்த நாட்களில் அந்த வசனத்தை எத்தனை முறை கேட்டேன் என்ற கணக்கு எனக்கே மறந்துவிட்டது.

“எப்படியும் லேப்ல டெஸ்ட் பண்ணித்தானே ஏத்துவாங்க?” என்று கேட்பார்கள். பண்ணுவார்கள். ஆனால் எச்.ஐ.வி. போன்ற கிருமி உடம்புக்குள் புகுந்த மறுநாளே எந்தச் சோதனையிலும் தெரியாது. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிரணுக்களை (ஆன்டிபாடி) தேடும் வழக்கமான எலைசா சோதனையில் தெரிய ஏறக்குறைய மூன்று வாரம் பிடிக்கும். கிருமியின் புரதத்தையும் (ஆன்டிஜென்) சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறை எலைசாவில் அது இரண்டு வாரத்துக்குச் சற்று மேலாகவும், கிருமியின் மரபணுவையே தேடும் ‘நாட்’ சோதனையில் பத்துப் பதினொரு நாளாகவும் குறையும். ஒரு நாள்கூட இடைவெளி இல்லாத சோதனை உலகத்தில் எங்கும் கிடையாது. இந்த இடைவெளிக்கு விண்டோ பீரியட் என்று பெயர். அந்த நாட்களில் நோயாளியைக் காப்பாற்ற இருப்பது கொடுப்பவர் சொல்லும் உண்மை ஒன்றுதான். படிவத்தில் அத்தனை கேள்விகள் இருப்பதற்கு இதுவே காரணம்.

இந்த விதிகள் சும்மா வந்தவை அல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்ட இடம் சென்னை. 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி வாசலிலேயே காசுக்கு ரத்தம் கொடுப்பவர்கள் நிற்பார்கள். ‘காமன் காஸ்’ அமைப்பு தொடர்ந்த பொதுநல வழக்கில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் அந்தத் தொழில் தடை செய்யப்பட்டது. தேசிய, மாநில ரத்தப் பரிமாற்றக் குழுமங்களும் அந்தத் தீர்ப்பால்தான் உருவாயின. இன்று நம்மை ஆள்பவை இரண்டு: தேசியக் குழுமம் 2017-இல் வெளியிட்ட கொடையாளர் தேர்வு வழிகாட்டுதல், 2020 மார்ச்சில் திருத்தப்பட்ட மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகள். அந்தத் திருத்தத்தோடு சட்டத்தில் ‘ரத்த வங்கி’ என்ற பெயர் போய் ‘ரத்த மையம்’ என்றாகிவிட்டது. நாம் இன்னும் பிளட் பேங்க் என்றுதான் சொல்கிறோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

படி 1: வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டியவை

வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். மேல் வரம்பு 65. ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாகக் கொடுப்பவர் 60-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. பதினெட்டாவது பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஆசையோடு வரும் முதலாண்டு மாணவர்களைத் திருப்பி அனுப்புவது கஷ்டமாகத்தான் இருக்கும். இருந்தாலும் அதில் விட்டுக்கொடுக்க முடியாது.

எடை குறைந்தது 45 கிலோ. அந்த எடைக்கு 350 மில்லி எடுப்பார்கள். 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 மில்லி எடுக்கலாம். தட்டணுக்களை (பிளேட்லெட்) மட்டும் இயந்திரத்தில் பிரித்துக் கொடுக்க 50 கிலோ வேண்டும்.

ஹீமோகுளோபின் 100 மில்லி ரத்தத்தில் 12.5 கிராம் இருக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு. பெண்கள் அதிகம் திரும்பிப் போவது இந்த இடத்தில்தான். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. மறுக்கப்பட்ட பெண் “என் ரத்தம் ஆகாதாம்” என்று முகம் வாடிப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஆகாது என்று யாரும் சொல்லவில்லை. அந்த ரத்தம் இப்போது அவருக்கே தேவை. அந்தச் சீட்டோடு நேராக மருத்துவரிடம் போய் இரும்புச்சத்து மாத்திரை கேட்டு வாங்கினால், முகாமுக்கு வந்ததன் பலன் அவருக்கே கிடைத்தது போல.

இடைவெளி: ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை. தட்டணுக் கொடைக்குக் கணக்கு வேறு: 48 மணி நேர இடைவெளி, வாரத்தில் இரண்டுக்கு மிகாமல், ஆண்டுக்கு 24-க்கு மிகாமல். “எழுபது நாளாச்சு, பரவாயில்லையா?” என்று கேட்டு, கூடாது என்றதும் அடுத்த முகாமில் தேதியை மாற்றி எழுதுபவர்கள் உண்டு. ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் 150 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து போகிறது. சான்றிதழ் எண்ணிக்கைக்காக அதோடு விளையாட வேண்டாம்.

படி 2: காலண்டரைப் பாருங்கள்

இது தற்காலிகமாகக் காத்திருக்க வேண்டியவர்களுக்கு. கடந்த இரண்டு வருடத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள்.

- பச்சை குத்துதல், காது மூக்கு குத்துதல், அக்குபங்சர்: 12 மாதம். படிவத்தில் ‘உடலில் துளையிடுதல்’ என்றுதான் இருக்கும். பங்குனி உத்திரத்துக்கு அலகு குத்தியவர்கள் அது சாமி காரியம் என்று சொல்லாமல் விடுகிறார்கள். ஊசி எந்தக் காரியத்துக்கு இறங்கினாலும் ஊசிதான்.
- பெரிய அறுவைச் சிகிச்சை, ரத்தம் ஏற்றிக்கொண்டது: 12 மாதம். சிறிய அறுவைச் சிகிச்சை, பல் பிடுங்கியது: 6 மாதம்.
- மலேரியா: முழுதாகக் குணமாகி 3 மாதம். டெங்கு, சிக்குன்குனியா: 6 மாதம். டைபாய்டு: 12 மாதம். அம்மை போட்டிருந்தால் முழுதாக இறங்கி 2 வாரம். வயிற்றுப்போக்கு நின்று 2 வாரம். சளி, இருமல், தொண்டை வலி என்றால் முற்றிலும் சரியாகும் வரை.
- காசநோய்: குணமானது உறுதியாகி 2 ஆண்டு.
- மஞ்சள் காமாலை: ஏ அல்லது இ வகை என்று உறுதியாகத் தெரிந்தால் 12 மாதம். பி, சி வகை என்றால் நிரந்தரமாக முடியாது. எதனால் வந்தது என்றே தெரியாமல் கீழாநெல்லி சாப்பிட்டுச் சரியான காமாலை என்றாலும் அதே பதில்தான். இதில் நிறையப் பேருக்கு வருத்தம் உண்டு.
- தடுப்பூசி: டி.டி., இன்ஃபுளுவென்சா போன்ற உயிரற்ற வகைகளுக்கு 14 நாள். உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் வகைகளுக்கு 28 நாள். பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து போட்டிருந்தால் 28 நாள். நாய் கடித்து அதற்கு ஊசி போட்டிருந்தால் ஒரு வருடம்.
- பிரசவம்: 12 மாதம். அதற்குப் பிறகும் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால், அது முடியும் வரை வேண்டாம். கருக்கலைவு: 6 மாதம். மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 3: சர்க்கரை, பிரஷர், மாத்திரைகள்

சர்க்கரை இருந்தாலே கொடுக்க முடியாது என்ற எண்ணம் நம் ஊரில் வேரோடிப் போயிருக்கிறது. அது சரியல்ல. உணவுக் கட்டுப்பாட்டிலோ மாத்திரையிலோ சர்க்கரை சீராக இருந்து, கடந்த நான்கு வாரத்தில் மாத்திரையோ அளவோ மாறாமல், நரம்பு, ரத்தக்குழாய்ச் சிக்கல்கள் எதுவும் இல்லாமல் இருந்தால் கொடுக்கலாம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் மட்டும் முடியாது. பிரஷருக்கும் அப்படித்தான்: மாத்திரை போட்டோ போடாமலோ அன்றைக்கு மேல் அளவு 100-க்கும் 140-க்கும் இடையில், கீழ் அளவு 60-க்கும் 90-க்கும் இடையில் இருந்தால் போதும். தைராய்டு மாத்திரை போட்டு, ரத்தப் பரிசோதனையில் அளவு சரியாக இருப்பவர்களும் கொடுக்கலாம்.

இதய நோய், வலிப்பு, ஸ்டீராய்டு தேவைப்படும் கடும் ஆஸ்துமா, புற்றுநோய், எச்.ஐ.வி., சிபிலிஸ் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நிரந்தரமாகக் கொடுக்க முடியாது. இவற்றில் சில, நோயாளிக்குப் போய்விடும் என்பதற்காக. வேறு சில, கொடுப்பவருக்கே ஆபத்து என்பதற்காக. வலிப்புள்ளவரின் ரத்தத்தில் கெடுதல் எதுவும் இல்லை. கட்டிலில் அவருக்கு வலிப்பு வந்துவிடக் கூடாது என்பதுதான் கவலை.

ஆஸ்பிரின் சாப்பிட்டிருந்தால் தட்டணுக்கள் சரியாக வேலை செய்யாது, மூன்று நாளைக்கு அவற்றை எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் சொல்லிவிடுங்கள். முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் ஃபினாஸ்டிரைடு, முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் இரண்டுக்கும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். இளைஞர்கள் இவற்றை ‘மருந்து’ என்ற கணக்கிலேயே வைப்பதில்லை. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போனால் வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கலாம் என்பதற்காகத்தான் இந்தத் தடை. பாராசிட்டமால், சத்து மாத்திரை, கருத்தடை மாத்திரை ஆகியவற்றால் தடை இல்லை.

படி 4: முந்தின இரவும் அன்று காலையும்

நன்றாகத் தூங்குங்கள். நைட் ஷிப்ட் முடித்து நேராக முகாமுக்கு வராதீர்கள். வெறும் வயிற்றில் வரவே கூடாது. நான்கு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிட்டிருக்க வேண்டும். இட்லி, பொங்கல், தயிர்சாதம் எதுவானாலும் சரி. கோயில் விசேஷத்தை ஒட்டி முகாம் வைப்பார்கள். அன்றைக்கு விரதம் இருப்பவர்களே புண்ணியம் என்று முதலில் வந்து நிற்பார்கள். விரத நாளிலும் நோன்பு நாளிலும் கொடுக்கக் கூடாது என்பது விதி. மயங்கி விழுந்த பலரிடம் அப்புறம் விசாரித்தால் காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

முந்தின இரவு மது அருந்தியிருந்தால் வேறு நாள் பாருங்கள். லாரி, பேருந்து போன்ற தொலைதூர வண்டி ஓட்டுபவர்கள் கொடுத்த பிறகு 24 மணி நேரம் கழித்துத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும். விமானப் பணியாளர்கள், கடும் உடலுழைப்பு செய்பவர்களுக்கும் இதே விதிதான். கிளம்பும் முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிடுங்கள்.

படி 5: படிவமும் அந்தத் தனிப்பட்ட கேள்விகளும்

இந்தப் படியில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

படிவத்தை நீங்களே, நிதானமாக, தமிழில் கேட்டு வாங்கி நிரப்புங்கள். அதன் பிறகு மருத்துவரோ ஆலோசகரோ தனியாகப் பேச வேண்டும். பத்துப் பேர் சூழ்ந்து நிற்கையில், “வேற யாரோடயாவது தொடர்பு உண்டா?” என்று கேட்டால் ‘உண்டு’ என்று எவர் சொல்வார்? கேள்வியைக் கத்திக் கேட்கும் முகாமில் படிவம் வெறும் காகிதம்தான். நீங்கள் முகாம் நடத்துபவராக இருந்தால், ஒரு திரைச்சீலையும் இரண்டு நாற்காலியும் போட்டு ஓரமாக ஓர் இடம் ஒதுக்குங்கள். மேடைக்கும் மைக்குக்கும் செலவழிப்பதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

ஒன்றுக்கு மேற்பட்டவரோடு உறவு, ஊசியால் போதைமருந்து போட்டுக்கொள்ளும் பழக்கம், துணைக்குத் தொற்று இருப்பது போன்றவற்றை மறைக்காதீர்கள். இந்த இடத்தில் இந்திய விதிமீது ஒரு நியாயமான வழக்கும் உண்டு. 2017 வழிகாட்டுதல் திருநங்கைகள், ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள், பாலியல் தொழிலாளர்கள் அனைவரையும் குழுவாகவே நிரந்தரமாக விலக்குகிறது. அதை எதிர்த்து மணிப்பூரைச் சேர்ந்த திருநங்கைச் செயற்பாட்டாளர் தாங்ஜம் சாந்தா சிங் 2021-இல் உச்ச நீதிமன்றம் போனார். நோய்ப்பரவல் கணக்கைக் காட்டி மத்திய அரசு விதியை நியாயப்படுத்தியது. பிரிட்டன் அதே 2021-இல் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, தனிநபரின் நடத்தையை மட்டும் பார்க்கும் முறைக்கு மாறியது. என் கருத்தைக் கேட்டால், பாதுகாப்பைத் தருவது நடத்தையைப் பற்றிய நேர்மையான பதில்தான்; அடையாளத்தைக் கேட்டு ஒதுக்கினால் அந்த நேர்மைதான் முதலில் அடிபடும். ஆனால் விதி மாறும் வரை மேஜையில் இருப்பவர் விதிப்படிதான் நடப்பார், அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

நண்பர்கள் இழுத்து வந்துவிட்டார்கள், வெளியே சொல்லவும் முடியவில்லை என்றால்? கொடுத்துவிட்டாலும் பிறகு ரத்த வங்கிக்குப் போன் செய்து பையின் எண்ணைச் சொல்லி, “இதை யாருக்கும் ஏத்தாதீங்க” என்று கேட்டுக்கொள்ளலாம். இன்னும் எளிதான வழி, மருத்துவரிடம் தனியாக ஒரு வார்த்தை. “பிரஷர் கூட இருக்கு, போயிட்டு அடுத்த தடவை வாங்க” என்று எல்லோர் முன்னாலும் சொல்லி அனுப்பிவிடுவார்கள். இதற்காகவே அந்தப் பொய்யைப் பழகி வைத்திருக்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. எய்ட்ஸ் பரிசோதனை இலவசமாகக் கிடைக்கும் என்பதற்காக முகாமுக்கு வராதீர்கள். அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. அங்கே பரிசோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும். 1097 என்ற எண்ணிலும் விவரம் கேட்கலாம்.

பேச்சு முடிந்ததும் விரல் நுனியில் ஒரு குத்து. நீல நிற மயில்துத்தக் கரைசலில் ஒரு சொட்டு விடுவார்கள். சொட்டு மூழ்கினால் 12.5 இருக்கிறது, தயங்கி மிதந்தால் இல்லை. கரைசலின் அடர்த்தியை அந்த அளவுக்குப் பொருத்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் தந்திரம். இப்போது சில இடங்களில் சிறிய மீட்டர் வந்துவிட்டது. நாடித்துடிப்பு 60-க்கும் 100-க்கும் இடையில் சீராக இருக்க வேண்டும், காய்ச்சல் இருக்கக் கூடாது.

படி 6: கட்டிலில் பத்து நிமிடம்

ஊசி, பை எல்லாம் ஒருமுறை மட்டுமே பயன்படுபவை. கொடுப்பதால் உங்களுக்கு எந்தத் தொற்றும் வர வழியில்லை. நரம்பு கிடைக்கவில்லை என்று இரண்டாவது இடத்தில் குத்த முயன்றால் ‘வேண்டாம்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எடுக்கும்போது கால் தசைகளை இறுக்கித் தளர்த்திக்கொண்டே இருந்தால் மயக்கம் வருவது குறையும். கண் இருட்டுகிறது, வியர்க்கிறது என்றால் வீரம் காட்டாமல் உடனே சொல்லுங்கள். தலையைத் தாழ்த்திக் காலைத் தூக்கி வைத்தால் சில நிமிடத்தில் சரியாகிவிடும்.

முடிந்தவுடன் செல்ஃபிக்கு எழுந்து ஓடாதீர்கள். பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, கொடுக்கிற ஜூஸையும் பிஸ்கட்டையும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள். ஊசி போட்ட கையால் அன்று சிலிண்டர் தூக்க வேண்டாம், ஜிம் வேண்டாம். போன நீரின் அளவு ஓரிரு நாளில் திரும்பிவிடும். சிவப்பணுக்கள் திரும்பச் சில வாரம் ஆகும். முருங்கைக்கீரை, ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்), பேரீச்சை எல்லாம் நல்லதுதான். சாப்பாட்டோடு எலுமிச்சை சேர்த்து, சாப்பிட்டவுடன் டீ குடிக்கும் பழக்கத்தைத் தள்ளிவைத்தால் அதில் இருக்கும் இரும்பு உடம்பில் சேரும்.

படி 7: போன் வந்தால் எடுங்கள்

உங்கள் ரத்தத்தில் கட்டாயம் பார்க்க வேண்டியவை ஐந்து: எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா. ஏதாவது தெரிந்தால் ரகசியமாக உங்களை அழைத்து, உரிய மையத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் படிவத்திலேயே உங்கள் சம்மதம் கேட்கப்படுகிறது. அதனால்தான் சரியான கைப்பேசி எண்ணை எழுதச் சொல்கிறோம்.

இந்த ஒரு கண்ணி அறுந்தால் என்னவாகும் என்பதற்குத் தமிழ்நாடு கொடுத்த விலை பெரியது. 2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. கொடுத்த இளைஞருக்குத் தனக்குத் தொற்று இருப்பதே தெரியாது. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தெரிந்ததும், தானே வந்து மருத்துவமனையில் சொன்னார். அதற்குள் ஏற்றிவிட்டார்கள். இரண்டு ஆண்டுக்கு முன்பே அவர் ஒருமுறை கொடுத்தபோது தொற்று கண்டறியப்பட்டும், அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பது விசாரணையில் வெளியே வந்தது. சில நாட்களில் அந்த இளைஞர் இறந்துபோனார். அன்று ஒரே ஒரு போன் போயிருந்தால் என்று அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் சோதனையில் ‘ரியாக்டிவ்’ என்று வந்தால் நோய் உறுதி என்று அர்த்தமில்லை. சந்தேகம் இருந்தாலே பையைக் கொட்டிவிடும் அளவுக்குச் சோதனையைக் கூர்மையாக வைத்திருப்பார்கள். மறுபரிசோதனைக்குப் போங்கள், பயந்து எண்ணை மாற்றிவிடாதீர்கள்.

படி 8: வீட்டில் ஒருவருக்கு ரத்தம் தேவைப்படும்போது

இனி மேஜையின் அந்தப் பக்கம். “ரெண்டு யூனிட் ஏற்பாடு பண்ணுங்க” என்று சீட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். முதலில் சீட்டைப் படியுங்கள். முழு ரத்தமா, சிவப்பணுவா, பிளாஸ்மாவா, தட்டணுவா? ஒரு பையைப் பிரித்தால் மூன்று பேருக்குப் போகும். சிவப்பணுவை 2 முதல் 6 டிகிரி குளிரில் 35 நாளும், சேர்ப்புக் கரைசலோடு 42 நாளும் வைத்திருக்கலாம். பிளாஸ்மாவை உறைநிலையில் ஒரு வருடம் வைக்கலாம். தட்டணுவோ ஐந்தே நாள், அதுவும் அறை வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெங்குக் காலத்தில் அலையோ அலை என்று அலைவதற்கு இதுதான் காரணம். மருத்துவர் எஸ்.டி.பி. என்று எழுதியிருந்தால் ஒரே கொடையாளரிடம் இயந்திரத்தில் எடுப்பது என்று பொருள். அதற்கு வருபவர் ஒன்றிரண்டு மணி நேரம் ஒதுக்கி வர வேண்டும்.

இருப்பைத் தேட மத்திய அரசின் ஈ-ரக்த்கோஷ் தளம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் தேதி, மருத்துவமனை, எந்தக் கூறு, எத்தனை யூனிட் என்று எழுதுங்கள். கிடைத்ததும் ‘கிடைத்துவிட்டது’ என்று மறுசெய்தி அனுப்புங்கள். மூன்று வருடத்துக்கு முன் பிழைத்துப்போன குழந்தைக்கு இன்னும் ஓ நெகட்டிவ் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ரத்தத்துக்கு விலை கிடையாது. வாங்கக்கூடியது பதப்படுத்தும் கட்டணம் மட்டுமே என்பதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பர் இறுதியில் மறுபடியும் அழுத்திச் சொன்னது. தனியார் ரத்த வங்கியில் ஒரு யூனிட் சிவப்பணுவுக்கு 1,550 ரூபாய்தான் உச்சவரம்பு. ‘நாட்’ போன்ற கூடுதல் சோதனை செய்திருந்தால் தனிக் கட்டணம் வரலாம், ரசீது கேளுங்கள். வாசலில் நின்று “ஆள் தர்றேன்” என்று காசு கேட்பவரிடம் மட்டும் போகாதீர்கள். காசுக்காகக் கொடுப்பவர் படிவத்தில் உண்மை சொன்னால் காசு கிடைக்காது.

இப்போது வீட்டுக்கு வீடு நடக்கும் ஒரு விவாதம். “வெளி ஆள் ரத்தம் எதுக்கு? தம்பி இருக்கான், சொந்த ரத்தம்.” கேட்க உருக்கமாக இருக்கும். மருத்துவம் நேர்மாறாகச் சொல்கிறது. நெருங்கிய ரத்த உறவினரின் வெள்ளணுக்களை நோயாளியின் உடம்பு அந்நியமாக அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். அவை உள்ளே பெருகி நோயாளியின் உடம்பையே தாக்கலாம். இது அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது அரிது. உறவினரின் ரத்தத்தைத்தான் ஏற்ற வேண்டும் என்றால் கதிர்வீச்சு கொடுத்து ஏற்ற வேண்டும். இனிமேல் குழந்தை பெறக்கூடிய மனைவிக்குக் கணவரின் ரத்தம் ஏற்றுவதையும் தவிர்ப்பார்கள். பின்னால் கருவில் வளரும் குழந்தைக்கு எதிரான எதிரணுக்கள் (ஆன்டிபாடி) தாயின் உடம்பில் உருவாகலாம். இன்னொரு காரணமும் உண்டு, பேசத்தான் சங்கடம். அண்ணன் ஆபரேஷன் தியேட்டரில் கிடக்கும்போது, மொத்தக் குடும்பமும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தம்பி எந்த ரகசியத்தையும் படிவத்தில் எழுத மாட்டான். யார் கட்டாயமும் இல்லாமல் தானாக வந்து கொடுத்தவரின் ரத்தம்தான் பாதுகாப்பானது என்று உலகம் முழுவதும் சொல்வது இதனால்தான். தம்பி கொடுக்கட்டும், அது வங்கியில் வேறு யாருக்காவது போகட்டும். அண்ணனுக்கு வங்கியில் இருப்பது வரட்டும்.

படி 9: படுக்கையருகே கண்ணும் காதுமாக

ரத்தம் ஏற்றுவதில் உயிரைப் பறிக்கும் தவறு பெரும்பாலும் ஆய்வகத்தில் நடப்பதில்லை, ஆள் மாறுவதில் நடக்கிறது. நம் ஊரில் இதற்கு இன்னொரு வசதி: பெயர். ஒரே வார்டில் இரண்டு லட்சுமி, மூன்று முருகன். இனிஷியல் மட்டும்தான் வேறு. அதனால் பெயரை மட்டும் நம்பாமல் உள்நோயாளி எண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

குரூப் பார்க்க ரத்தம் எடுக்கும்போது, குழாயில் பெயரும் எண்ணும் படுக்கையருகிலேயே எழுதப்படுகிறதா என்று கவனியுங்கள். நாலைந்து பேரிடம் எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்து மொத்தமாக எழுதினால் கேள்வி கேளுங்கள். ஏற்றுவதற்கு முன் உங்களிடம் ஏன், எதற்கு என்று விளக்கி எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். பை வந்ததும் இரண்டு பேர் சேர்ந்து சரிபார்க்க வேண்டும். அப்போது நோயாளியிடம் “நீங்க லட்சுமிதானே?” என்று கேட்டால் மயக்கத்தில் யாரும் தலையாட்டிவிடுவார்கள். “உங்க பேர் என்ன?” என்று கேட்டு அவர் வாயாலேயே சொல்ல வைப்பதுதான் முறை. பையில் இருக்கும் குரூப், பை எண், கடைசித் தேதி, பொருத்தம் பார்த்த சீட்டு எல்லாம் ஒத்துப்போக வேண்டும்.

பை வங்கியை விட்டு வெளியே வந்தால் அரை மணி நேரத்துக்குள் ஏற்ற ஆரம்பிக்க வேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்ப வேண்டும். வார்டு ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. “ஜில்லுன்னு இருக்கு” என்று வெந்நீரில் போடவோ கக்கத்தில் வைத்துச் சூடாக்கவோ கூடாது. இரண்டையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தொடங்கி நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதே குழாயில் குளுக்கோஸோ வேறு மருந்தோ சேரக் கூடாது. சாதாரண சலைன் மட்டும் சேரலாம்.

முதல் பதினைந்து நிமிடம் மெதுவாகத்தான் போக வேண்டும். அந்த நேரத்தில் உடனிருப்பவர் போனைக் கீழே வைத்துவிட்டு நோயாளியின் முகத்தைப் பாருங்கள். குளிர் நடுக்கம், காய்ச்சல், முதுகு அல்லது இடுப்பு வலி, மூச்சுத் திணறல், உடம்பு முழுக்க அரிப்பு, நெஞ்சில் இறுக்கம், “என்னமோ பண்ணுதும்மா” என்ற ஒரு முனகல், இதில் எது வந்தாலும் செவிலியரைக் கூப்பிட்டு உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஊசியை எடுக்க மாட்டார்கள். குழாயை மாற்றி சலைன் ஓட்டுவார்கள். பையைத் தூக்கி எறியக் கூடாது. அது ரத்த வங்கிக்கே திரும்பிப் போக வேண்டும், என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க அதுதான் சாட்சி. இப்படிப்பட்ட எதிர்விளைவுகளைப் பதிவு செய்ய 2012 டிசம்பரிலிருந்து நாடு தழுவிய கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. “இதையெல்லாம் ரிப்போர்ட் பண்ணுவீங்களா சிஸ்டர்?” என்று கேட்பது புகார் சொல்வது ஆகாது.

வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு வாரம் கவனமாக இருங்கள். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, ஏற்றி உயர்ந்த ஹீமோகுளோபின் திடீரென்று இறங்கினாலோ தாமதமாக வரும் எதிர்விளைவாக இருக்கலாம். எந்தத் தேதியில், எந்தக் கூறு, எத்தனை யூனிட், ஏதாவது எதிர்விளைவு வந்ததா என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதச் சொல்லி வாங்குங்கள். ரத்தத்தில் அபூர்வ எதிரணு இருப்பதாகச் சொன்னால் அதன் பெயரை ஒரு சீட்டில் எழுதி வாங்கி, ஆதார் அட்டை வைத்திருக்கும் பர்ஸிலேயே வையுங்கள். அடுத்த ஆஸ்பத்திரியில் பொருத்தம் பார்ப்பவர் முதலில் தேடுவது அந்தச் சீட்டைத்தான்.